களஞ்சியம் காத்த ஐவர்

(இளங்கலை அரசியல் அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

அமைச்சரவை, மேலவை, ஆட்சிமன்றக் குழு, அறங்காவலர் குழு என ஆளும் அவைகள் பலவற்றைப் பற்றி வகுப்பில் மூன்றாண்டுகளாகப் படித்து வருகிறோம். உறுப்பினர் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, தலைவரைத் தேர்ந்தெடுப்போர் யார் என்பனவெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் ஓர் ஆளும் அவை, உறுப்பினர்கள் அனைவரும் நல்லவர்களாகவும் படித்தவர்களாகவும் இருந்தபோதிலும், தன் நாற்காலியில் அமர்ந்தபடியே எவ்வாறு செயலிழந்து போகிறது என்ற கேள்விக்குப் பாடநூல்களில் விடை காண்பது அரிது. அக்கேள்விக்கு எனக்குத் தெளிவான விடை அளித்தது ஓர் அறிவியல் புனைகதை.

"கற்பனை உலகத்து அவையைப் பற்றி ஆராய்ந்து என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்கலாம். மருத்துவக் கல்லூரியில் நோயை விளக்க முதலில் படம் வரைந்து காட்டுவார்கள். உண்மையான உடலில் பத்து நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். படத்தில் ஒன்று மட்டும் பளிச்செனத் தெரியும். நல்ல புனைகதையும் அத்தகைய படமே. இலஞ்சம், சாதி, கட்சி, குடும்பப் பகை ஆகிய எதுவும் கலவாமல், அலுவலக மனப்பான்மை என்ற ஒரே நோய் பிடித்த அவை ஒன்றை அங்கே காணலாம்.

கதையும் ஆசிரியரும்

ஐசக் அசிமோவ் உருசிய நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவில் குடியேறியவர், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர், 1992-இல் மறைந்தார். 1941 ஆகஸ்டு முதல் நாள், இதழாசிரியர் ஜான் கேம்பெலைச் சந்திக்கச் சென்ற வழியில், ஒரு பெரும் பேரரசின் வீழ்ச்சியைக் கதையாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. எட்வர்டு கிப்பன் 1776 முதல் 1788 வரை வெளியிட்ட உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாறு அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. அக்கதை 1942 மே மாதம் அஸ்டவுண்டிங் என்ற இதழில் வெளிவந்தது. பின்னர் 1951-இல் "ஃபவுண்டேஷன்" என்ற நூலின் இரண்டாம் பகுதியாக, "களஞ்சியத்தார்" என்று பொருள்படும் தலைப்பில் இடம்பெற்றது. இத்தொடருக்கு 1966-இல் ஹியூகோ சிறப்புப் பரிசும் கிட்டியது.

கதையின் களம் நம் விண்மீன் மண்டலம் முழுவதும் ஆகும். மக்கள் குடியேறிய கோள்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. பேரரசின் வயது பன்னிரண்டாயிரம் ஆண்டுகள். தலைநகரமான டிரான்டார் என்னும் கோளில் மட்டும் நாலாயிரம் கோடிக்கு மேற்பட்ட மக்கள். அவர்களுள் பெரும்பாலோரின் வேலை நிர்வாகம், அதாவது கோப்பு! இப்பேரரசு இன்னும் முந்நூறு ஆண்டுகளில் சரியும் என்று ஹாரி செல்டன் என்னும் கணித அறிஞர் கணிக்கிறார். ஒரு வாயு மூலக்கூறு எத்திசையில் ஓடும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்த வாயுவின் போக்கைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறே தனிமனிதனை விடுத்து, மாபெரும் மக்கள் திரளின் போக்கைக் கணக்கிடும் அவருடைய துறைக்கு உளவரலாறு என்று பெயர்.

குழு பிறந்த வகை

பேரரசு விழும் என்று சொன்னதற்காகச் செல்டன் விசாரணைக்கு உள்ளாகிறார். வீழ்ச்சியைத் தடுக்க இயலாது; ஆனால் பின்வரும் முப்பதாயிரம் ஆண்டு இருளை ஓராயிரம் ஆண்டாகக் குறைக்கலாம்; அதற்கு மனித இனத்தின் அறிவனைத்தையும் திரட்டி ஒரு கலைக்களஞ்சியம் ஆக்க வேண்டும் என்று அவர் வாதாடுகிறார். தொல்லை தருபவர் தொலைவில் இருக்கட்டும் எனக் கருதிய ஆட்சியாளர்கள், அவருடைய ஆட்களைக் குடும்பங்களோடு விண்மீன் மண்டலத்தின் விளிம்பில் உள்ள டெர்மினஸ் என்ற கோளுக்கு அனுப்புகிறார்கள். அக்கோளில் உலோகம் கிடையாது, செல்வம் கிடையாது, அதனால் யாரும் கவரவும் நினைக்கவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து நாம் டெர்மினசைக் காணும்போது அதனை ஆள்வது கலைக்களஞ்சிய அறங்காவலர் குழு. தலைவர் லூயிஸ் பிரென். உடன் ஜோர்ட் ஃபாரா, லண்டின் கிராஸ்ட், யேட் ஃபுல்ஹாம், டாமஸ் சட் என நால்வர். இவர்களுடைய அதிகாரத்துக்கு அடிப்படை பேரரசர் வழங்கிய பட்டயம். டெர்மினஸ் எந்த மாகாணத்தையும் சேர்ந்ததன்று; நேரே பேரரசரின் ஆளுகைக்கு உட்பட்டது. எனவே அறங்காவலர்கள் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள்.

இதற்கிடையே கோளில் ஒரு நகரம் வளர்ந்துவிட்டது. மக்கள் பத்து இலட்சத்துக்கு மேல். அவர்களுள் களஞ்சியப் பணியில் நேரடியாக ஈடுபட்டிருப்போர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்படார். ஏனையோர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது பணியிடமன்று, ஊர். அவர்களுக்காக ஒரு நகரத் தலைவரும் இருக்கிறார்; பெயர் சால்வர் ஹார்டின். பதவி உண்டு, அதிகாரம் பெயரளவே. மக்கள் தேர்ந்தெடுத்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கதையின் முடிச்சு இதுதான்.

அண்டை வீட்டில் தீ

பேரரசின் எல்லைப்புறம் பிய்ந்து, அனாக்ரியன், ஸ்மிர்னோ, கோனம், டாரிபோ என்னும் நான்கு நாடுகள் தனியரசுகளாகின்றன. அவற்றுள் வலிமை மிக்க அனாக்ரியன், டெர்மினசில் படைத்தளம் அமைக்க விரும்புகிறது. "உங்களைப் பாதுகாக்கிறோம்" என்ற இனிய சொற்களோடு ஹாட் ரோட்ரிக் என்ற அதிகாரி வந்து சேர்கிறார். பாதுகாப்புக்கு விலையாக நிலமும் கேட்கிறார்.

இத்தகைய நேரத்தில் ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? எதிரியின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று முதலில் அறிய வேண்டும். ஹார்டின் அதைத்தான் செய்கிறார். எங்கள் மின் நிலையத்துக்கு அனாக்ரியனிலிருந்து புளுட்டோனியம் கிடைக்குமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார். அதிகாரி மழுப்புகிறார். அனாக்ரியனிடம் அணுசக்தி இல்லை, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் திரும்பிவிட்டார்கள் என்பது அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடுகிறது. தன்னிடம் உள்ள ஆயுதம் எது என்று டெர்மினசுக்குத் தெரிந்தது அவ்வேளையில்தான்.

அறங்காவலர் குழுவின் பதில் வேறு. நாங்கள் அறிவியல் நிறுவனத்தார். எங்களுக்கு அரசியல் வேண்டாம். பேரரசர் எங்களைக் காப்பார். முதல் தொகுதி வெளிவர இன்னும் ஐந்தே ஆண்டுகள். அதன்பின் பத்தாண்டுக்கு ஒன்றாகத் தொகுதிகள் வரும். இந்தக் கால அட்டவணை கெடக்கூடாது! வாசலில் படை நிற்கிறது. உள்ளே அட்டவணை பேசப்படுகிறது. நகைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் அவர்கள் முட்டாள்கள் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

பிரபுவின் வருகை

குழு நம்பியிருந்த பேரரசிலிருந்து டோர்வின் பிரபு என்ற அமைச்சர் வருகிறார். மூக்குப்பொடியும் குழைந்த பேச்சுமாக ஐந்து நாள் தங்குகிறார். பேரரசு உங்களைக் கைவிடாது என்று அவர் சொன்னதாகவே அறங்காவலர்கள் கருதி மகிழ்கிறார்கள். ஹார்டின் அவர் பேசியவற்றையெல்லாம் பதிவு செய்து, தர்க்கவியல் துறையினரிடம் ஆராயக் கொடுக்கிறார். பொருளற்ற சொல்லையும் ஒன்றையொன்று வெட்டும் சொல்லையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது எதுவுமில்லை! பிரபு எந்த வாக்குறுதியும் அளிக்கவில்லை. அளிக்காதது எவருக்கும் தெரியவுமில்லை. பேரரசுக்கும் அனாக்ரியனுக்கும் இடையிலான உடன்படிக்கையையும் இவ்வாறே சலித்தபோது, பேரரசுக்கு அங்கு எந்த உரிமையும் மிஞ்சவில்லை என்று தெரிகிறது.

இப்பகுதியில் இன்னொரு செய்தி உண்டு. மாணவர்களாகிய நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. டோர்வின் பிரபு தொல்லியல் அறிஞரும் ஆவார். மனித இனம் எந்த விண்மீனில் தோன்றியது என்பது அவருடைய ஆராய்ச்சி. அவருடைய முறை என்ன? பழைய அறிஞர்கள் எழுதியவற்றைப் படிப்பது, ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு எடை போடுவது, முடிவுக்கு வருவது. நேரில் சென்று தோண்டிப் பார்க்கலாமே என்று ஹார்டின் கேட்டபோது, பெரியவர்கள் முன்பே செய்துவிட்டதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று பிரபு வியப்படைகிறார். அறங்காவலர்களுக்கும் அதில் தவறொன்றும் தெரியவில்லை. காமா ஆண்ட்ரோமீடாவில் அணு மின் நிலையம் ஒன்று பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமையால் வெடித்துப் பேரழிவு நேர்ந்ததைப் பிரபு குறிப்பிடுகிறார். அதற்குப் பேரரசு காணும் பரிகாரம், அணுசக்தியின் பயன்பாட்டைக் குறைப்பது. புதிதாக ஆட்களைப் பயிற்றுவிக்கலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

நோய் எது?

1940-இல் இராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், அலுவலக அமைப்பும் ஆளுமையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விதி என்பது ஒரு நோக்கத்தை அடைவதற்கான வழி. ஆனால் அலுவலகத்தில் நாளடைவில் அவ்வழியே நோக்கமாகி, உண்மையான நோக்கம் மறைந்துவிடுகிறது என்று அதில் விளக்கினார். இதனை இலக்கு மாற்றம் எனலாம். மறு ஆண்டு அசிமோவ் எழுதத் தொடங்கிய கதை இக்கருத்துக்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளது. மக்களைக் காப்பதற்காகக் களஞ்சியம். களஞ்சியத்தைக் காப்பதற்காகக் குழு. குழுவைக் காப்பதற்காகப் பட்டயம். இறுதியில் எஞ்சியது பட்டயம் மட்டுமே. மக்கள் எங்கே போனார்கள்?

மாக்ஸ் வெபர் வகுத்த மூவகை அதிகாரங்களை நாம் படித்திருக்கிறோம்: மரபால் வருவது, தனிமனிதக் கவர்ச்சியால் வருவது, சட்டத்தால் வருவது. அறங்காவலர்களின் அதிகாரம் மூன்றாம் வகையைச் சார்ந்தது. சட்டத்தின் அதிகாரத்துக்கும் ஓர் அச்சாணி வேண்டும். அச்சட்டத்தை நிறைவேற்ற வல்ல ஒருவர் எங்கேனும் இருக்க வேண்டும். டிரான்டாரில் அந்த வல்லமை வற்றிய அன்றே டெர்மினசில் பட்டயம் வெற்றுத் தாளாகிவிட்டது. தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது கடைசியாகத் தெரிந்தது.

குழு எதன்மீது சாய்ந்தது என்பதை வரிசையாக நோக்கினால் நோய் இன்னும் தெளிவாகும். முதலில் பேரரசர் காப்பார் என்றார்கள். பிறகு பேரரசின் அமைச்சர் உறுதியளித்துவிட்டார் என்றார்கள். அதுவும் பொய்த்தபின் ஜோர்ட் ஃபாரா புதிய வழி ஒன்று கூறுகிறார். செல்டன் இறக்குமுன் அமைத்த காலப் பெட்டகம் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில் திறக்கும். தீர்வை அவரே வைத்துவிட்டுப் போயிருப்பார்! உயிருள்ள பேரரசரை விட்டு இறந்த அறிஞரைப் பற்றிக்கொண்டார்களே தவிர, சொந்தக் காலில் நிற்கும் எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. தீர்மானிக்கும் பொறுப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் தம் கடமை முடிந்தது என்ற எண்ணமே அந்நோய். மேலிடம் மாறலாம், நோய் மாறவில்லை.

பெட்டகம் திறந்தது

குறித்த நாளில் பெட்டகம் திறக்கிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்த செல்டனின் உருவம் ஒளிவடிவில் தோன்றுகிறது. அவர் கூறும் செய்தி இடியாக விழுகிறது: கலைக்களஞ்சியத் திட்டமே தொடக்கம் முதல் ஒரு போலி ஏற்பாடு. பேரரசிடம் அனுமதி பெறவும், தேவையான மக்களை விளிம்பில் குடியேற்றவும், அவர்கள் திரும்பிச் செல்ல இயலாத நிலை வரும்வரை அவர்களை ஒரு பணியில் ஈடுபடுத்தி வைக்கவும் அது பயன்பட்டது. உண்மையான நோக்கம் ஒரு புதிய பேரரசுக்கு வித்திடுவது. நூலில் ஒரு தொகுதியேனும் வெளிவருகிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டன்று.

தீர்வை அவர் விரித்துரைக்கவில்லை. அது வெளிப்படையானது என்று மட்டும் கூறி மறைகிறார். பிரென் தளர்ந்துபோய், இனி உம்மைக் கலந்து முடிவு செய்வோம் என்று ஹார்டினிடம் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவ்வேளையில் ஹார்டினின் ஆட்கள் இரத்தம் சிந்தாமல் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னர் ஹார்டின் ஏனைய மூன்று நாடுகளுக்கும் சென்று, அணுசக்தியின் இரகசியம் அனாக்ரியன் கையில் சிக்கினால் உங்கள் கதி என்னவாகும் என்று உணர்த்துகிறார். மூன்று நாடுகளும் சேர்ந்து எச்சரிக்க, அனாக்ரியன் பின்வாங்குகிறது. வலிமையற்ற நாடு, அண்டை நாடுகளின் அச்சங்களை ஒன்றுக்கொன்று ஈடாக நிறுத்திப் பிழைத்தது. வலுச் சமநிலை என்று பன்னாட்டு அரசியல் பாடத்தில் நாம் படிப்பது இதுவே.

குழுவுக்கும் ஒரு நியாயம்

இவ்வளவில் கட்டுரையை முடித்தால், செயல் வீரர் வாழ்க, ஏட்டறிஞர் ஒழிக என்று பொருள்பட்டுவிடும். அது முறையன்று. அறங்காவலர் ஐவரும் கையூட்டு வாங்கவில்லை. உறவினருக்குப் பதவி தரவில்லை. ஒப்படைத்த பணியை உண்மையாகச் செய்தார்கள். அவர்களை ஏமாற்றியவர் செல்டன். உளவியல் அறிஞர்களை வேண்டுமென்றே டெர்மினசுக்கு அனுப்பாமல், உண்மையை அவர்கள் ஊகிக்க இயலாதபடி செய்தவரும் அவரே. அவர்களுடைய ஐம்பதாண்டு உழைப்பு இல்லையேல் ஹார்டின் ஆள ஒரு நகரமே இருந்திராது.

ஹார்டினும் குறையற்றவர் அல்லர். அவர் கைப்பற்றியது சட்டப்படி அமைந்த ஆட்சியை. பின்னாளில் அண்டை நாடுகளுக்கு அணுசக்தியை ஒரு மதமாகவே மாற்றிப் பூசாரிகள் வழியே வழங்கி, அம்மக்களின் அறியாமையைக் கொண்டே அவர்களைக் கட்டி ஆள்கிறார். முப்பதாண்டு கடந்தபின் செர்மாக் என்ற இளைஞர் தலைமையில் ஒரு கட்சி எழுந்து, நீங்கள் செயலற்றிருக்கிறீர்கள் என்று அவரையே குற்றஞ்சாட்டுகிறது! அன்று அறங்காவலர்களை நோக்கி அவர் எய்த அம்பு, இன்று அவரை நோக்கித் திரும்பிவிட்டது.

இன்னும் வியப்பான செய்தி அடுத்த நூலில் உள்ளது. ஏறத்தாழ முந்நூறாம் ஆண்டில் அதே நகரத் தலைவர் நாற்காலியில் மூன்றாம் இண்ட்பர் என்பவர் அமர்ந்திருக்கிறார். முதலாம் இண்ட்பர் ஆற்றலால் அதைப் பிடித்தவர். பேரனுக்கு அது பரம்பரைச் சொத்தாக வந்தது. தாள்களை ஒழுங்காக அடுக்குவதே அவருக்கு ஆட்சி. முறைப்படி வராத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. மியூல் என்ற பகைவன் நெருங்கும்போதும், பெட்டகம் திறந்து செல்டன் வழிகாட்டுவார் என்று காத்திருக்கிறார். உருவம் தோன்றி, நடவாத ஒரு நெருக்கடியைப் பற்றிப் பேசிவிட்டு மறைகிறது. டெர்மினஸ் வீழ்கிறது. அறங்காவலர் குழுவை ஒழித்து எழுந்த பதவியிலேயே அக்குழுவின் நோய் குடிபுகுந்துவிட்டது. ஆள்களை மாற்றினால் நோய் தீரும் என்று எண்ணுவோர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

களஞ்சியம் என்ன ஆயிற்று? தொடரின் பகுதிகள் பல அக்கலைக்களஞ்சியத்தின் மேற்கோளோடு தொடங்குகின்றன. அம்மேற்கோள்கள் 116-ஆம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், அப்பதிப்பு நிறுவன ஆண்டு 1020-இல் டெர்மினசில் வெளிவந்தது என்றும் ஆசிரியர் குறிப்பிடுகிறார். போலி ஏற்பாடு என்று நிறுவியவரே கைகழுவிய நூல், ஆயிரம் ஆண்டு கழித்தும் அச்சாகிக்கொண்டிருக்கிறது! அறிவைத் தொகுப்பது வீண் வேலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வீணானது, தொகுக்கும் பணியைக் காரணம் காட்டி ஆளும் பணியைத் தட்டிக்கழித்ததுதான்.

நமக்கு என்ன?

இக்கல்லூரியிலிருந்து வெளியேறும் நம்மில் பலர் தேர்வாணையத் தேர்வு எழுதுவோம். சிலர் அலுவலகங்களில் அமர்வோம். சிலர் ஆசிரியர் ஆவோம். நம் மேசைக்கும் ஒருநாள் கோப்பு வரும். அதன் உள்ளே ஒரு கைம்பெண்ணின் உதவித்தொகையோ, ஓர் ஊரின் குடிநீரோ இருக்கும். "மேலிடத்துக் கருத்துக்கு அனுப்புக" என்று எழுதிக் கையொப்பமிட்டால் விதிப்படி நம்மேல் குற்றம் இராது. டெர்மினசின் அறங்காவலர் மேலும் விதிப்படி குற்றம் இருக்கவில்லை. எனவே விதியை மீறுங்கள் என்று நான் கூறவில்லை. அந்த விதி யாருக்காகப் பிறந்தது என்று கேட்டபின் கையொப்பமிடுங்கள் என்கிறேன்.

மாணவராக இருக்கும் இன்றைக்கும் இதில் பாடம் உண்டு. ஒருவர் எழுதிய குறிப்பை மற்றொருவர் படியெடுத்து, அதை மூன்றாமவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவது டோர்வின் பிரபுவின் ஆராய்ச்சி முறைதான். உள்ளாட்சி பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதும் நாம், நம் ஊர் ஊராட்சி மன்றக் கூட்டத்தை ஒருமுறையேனும் சென்று பார்த்திருக்கிறோமா? கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? வரும் விடுமுறையில் நம் வகுப்பினர் அவரவர் ஊர்க் கிராம சபைக்குச் சென்று, கண்டதை எழுதி வந்தால், அடுத்த ஆண்டு மலருக்கு நல்லதொரு கட்டுரைத் தொகுதி கிடைக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அனுமதிக்காகக் காத்திராமல் என் ஊரில் நான் தொடங்கிவிடுகிறேன்.